நடுவில் விழித்துக்கொண்டால்?

ஆபரேஷனுக்கு நாள் குறித்தவர்களிடம் பேசிப் பாருங்கள். கத்தியைவிட மயக்க மருந்துக்கே பலர் பயப்படுவார்கள். "பாதியில முழிப்பு வந்துட்டா என்ன பண்றது டாக்டர்?" மயக்கவியல் நிபுணர்களுக்குப் பழகிப்போன கேள்வி இது. ஆபரேஷன் நடுவே விழித்துக்கொள்பவரைக் காட்டி 2007இல் வந்த 'அவேக்' என்ற ஹாலிவுட் படம் எரிகிற பயத்தில் எண்ணெய் ஊற்றியது.

பயம் முழுக்கக் கற்பனையும் அல்ல. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் நடந்த பெரிய ஆய்வு ஒன்றின் முடிவு 2014இல் வெளியானது. முழு மயக்கம் பெற்றவர்களில் சுமார் 19,000 பேருக்கு ஒருவர், நடுவில் நினைவு வந்ததாகத் தாமே முன்வந்து சொல்லியிருந்தார். இந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தால்தான் விஷயம் புரியும். தசையைத் தளர்த்தும் மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களில் 8,000 பேருக்கு ஒருவர். அது கொடுக்கப்படாதவர்களில் 1,36,000 பேருக்கு ஒருவர்.

ஏன் இவ்வளவு வித்தியாசம்? வயிற்றுத் தசை இறுகிக்கொண்டிருந்தால் உள்ளே வேலை செய்ய முடியாது. தொண்டைக்குள் குழாய் செருகுவதும் கஷ்டம். அதற்காகத்தான் தளர்த்துகிறார்கள். தென் அமெரிக்கப் பழங்குடியினர் அம்பு முனையில் தடவிய 'க்யூராரே' நஞ்சுதான் இம்மருந்துகளின் முன்னோடி. 1942இல் கனடாவின் மான்ட்ரியலில் மயக்கவியல் மருத்துவர் ஹரோல்டு கிரிஃபித் அதை ஆபரேஷன் மேசைக்குக் கொண்டுவந்தார். இது தூங்க வைக்காது, வலியையும் போக்காது. உடலை அசையவிடாது, அவ்வளவுதான். அதற்கு முன், ஈதர் என்ற மருந்தால் மயக்கிய காலத்தில், மயக்கம் குறைந்தால் நோயாளி நெளிவார், முனகுவார். மருத்துவர் உடனே மருந்தைக் கூட்டுவார். அந்த எச்சரிக்கையைத்தான் க்யூராரே பறித்துக்கொண்டது. விழித்தவர்கள் பலரும் வலியைவிட, கத்த நினைத்தும் விரலைக்கூட அசைக்க முடியாத அந்தத் தவிப்பையே கொடுமையாகச் சொல்கிறார்கள்.

சினிமாவில் வருவதுபோல் அறுவை முழுக்க விழித்துக் கிடப்பது மிக அரிது. மேற்சொன்ன ஆய்வில் மூன்றில் இரண்டு பங்கு சம்பவங்கள் கத்தி வைக்கும் முன்போ, எல்லாம் முடிந்து தெளியும்போதோ நடந்தவை. பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் அடங்கியவை. முழு மயக்கத்தில் செய்யும் சிசேரியனில்தான் ஆபத்து பல மடங்கு அதிகம்: சுமார் 670 பேருக்கு ஒருவர். அங்கே எல்லாமே அவசரம். கத்தி வைப்பதற்குள் மயக்கம் ஆழப்பட நேரம் இருக்காது.

நினைவில் தங்காத விழிப்பும் உண்டா என்று பார்க்கும் இன்னொரு சோதனை விசித்திரமானது. தளர்த்தும் மருந்து கைக்கு இறங்காதபடி ஒரு கையில் பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டு, மயங்கியவரிடம் "என் கையை அழுத்துங்கள்" என்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வில் 260 பேரில் 12 பேர் அழுத்தினார்கள். தெளிந்த பிறகு ஒருவருக்கும் அது நினைவில்லை. அந்த நேரம் அவர்கள் விழித்திருந்தார்களா, இல்லையா? விஞ்ஞானிகள் இன்னும் வாதாடுகிறார்கள்.

மயக்கத்தின் ஆழத்தை அறிய, நெற்றியில் பட்டை ஒட்டி மூளை மின்னலைகளை எண்ணாகக் காட்டும் கருவியும் உண்டு. ஆனால், வாயு மயக்கத்தில், மூச்சில் வெளிவரும் மருந்தின் அளவு குறைந்தால் அலறும் சாதாரண அலாரத்தை அது மிஞ்சவில்லை என்று 2011இல் வந்த ஆய்வு காட்டியது. நரம்பு வழி மருந்திலேயே முழு மயக்கம் கொடுக்கும்போது அந்தக் கருவிக்கு மதிப்பு கூடுகிறது.

நம் ஊரில் "எனக்கு முழிப்பு இருந்துச்சு, கத்தரி சத்தம்கூடக் கேட்டுச்சு" என்பவர்களில் பலர் முதுகில் ஊசி போட்டு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகும். விழித்திருப்பதும் பேச்சு கேட்பதும் இயல்பு. இதை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது மருத்துவர் தரப்பின் குறைதான்.

உங்கள் பங்குக்கு ஒன்று செய்யுங்கள். குடிப்பழக்கம், தூக்க மாத்திரை, நாள்பட்ட வலி மருந்து, முன்பு மயக்கத்தில் நினைவு வந்த அனுபவம் எதையும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஆபரேஷனுக்குப் பிறகு, சில நாள் கழித்தே ஆனாலும், நடுவில் நடந்தது ஏதாவது நினைவுக்கு வந்தால் அதையும் அவரிடமே சொல்லுங்கள்.