கேப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்வி: என் பல்லில் எவ்வளவு போகும்?

இந்த வருஷம் எங்கள் குடும்பத்தில் ரெண்டு பல் விவகாரம். ஒன்று என் கடைவாய்ப் பல். பழைய ஃபில்லிங்கைச் சுற்றி விரிசல் விட்டு ஒரு பக்கம் உடைந்துவிட்டது. ஹவுன்ஸ்லோவில் நாங்கள் போகிற டென்டிஸ்ட், கிரவுன்தான் வழி என்றார். நம்ம ஊரில் 'கேப் போடறது' என்போமே, அதேதான். இன்னொன்று அக்கா மகளின் முன்பற்கள். பதினேழு வயசு, ஒரு சொத்தை கிடையாது. ஆனால் கோடை லீவில் சென்னை போகும்போது மேல்வரிசையில் எட்டுப் பல்லுக்கு வெனீர் போட்டுக்கணும் என்று ஒரே பிடிவாதம். "ரெண்டு வாரத்தில் முடிஞ்சிடுமாம், செலவும் இங்கே ஆவதைவிட ரொம்பக் கம்மியாம். ஜிர்கோனியா நல்லதா, இ-மேக்ஸ் நல்லதா, நீ கொஞ்சம் பார்த்துச் சொல்லுடா" என்றாள் அக்கா.

நான் டாக்டர் இல்லை, சாஃப்ட்வேர் என்ஜினியர். படித்தும் டென்டிஸ்டுகளிடம் கேட்டும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். எல்லோரும் பொருளின் பெயரிலும் விலையிலும்தான் தொடங்குகிறோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது, அந்தப் பொருளுக்காக நம் பல்லை எவ்வளவு செதுக்கப் போகிறார்கள் என்பது. எனாமல் திரும்ப வளராது. இந்த வேலையில் ரோல்பேக் கிடையாது.

வெனீர் வேறு, கிரவுன் வேறு

வெனீர் என்பது பல்லின் முன்பக்கத்தில் மட்டும் ஒட்டுகிற மெல்லிய பீங்கான் தகடு. வழக்கமாக 0.3 முதல் 0.7 மில்லிமீட்டர் வரை செதுக்கினால் போதும். கிரவுன் என்பது பல்லை முழுதாக மூடும் தொப்பி. அதற்குச் சுற்றிலும் மேலேயும் செதுக்க வேண்டும். எடெல்ஹாஃப், சோரன்சன் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் முன்பற்களை வைத்து இதை அளந்திருக்கிறார்கள். ஈறுக்கு மேலே தெரியும் பல் பகுதியில் வெனீருக்காகப் போவது 3 முதல் 30 சதவீதம். முழு பீங்கான் கிரவுனுக்கும் உலோகத்தின் மேல் பீங்கான் பூசிய கிரவுனுக்கும் போவது 63 முதல் 72 சதவீதம்.

பிரிட்டனில் 'துருக்கிப் பற்கள்' என்று பேசப்படும் விஷயத்தின் மையமே இதுதான். வெனீர் என்று நினைத்துப் போன பலர், நல்ல பற்களையே முளைக்குச்சி மாதிரி செதுக்கிக் கிரவுன் மாட்டிக்கொண்டு திரும்பினார்கள். அப்படிச் செதுக்கிய பற்கள் சிலவற்றில் நரம்பு பிற்பாடு செத்து, ரூட் கெனால் வரை போய்விடும்.

எந்தப் பல்லுக்கு எந்தப் பொருள்?

ஜிர்கோனியா: இருப்பதில் உறுதியான பீங்கான் இதுதான். கடைவாய்ப் பல்லின் அழுத்தத்தைத் தாங்கும். சாக்பீஸ் மாதிரி மென்மையாக இருக்கும்போதே, தேவையைவிட 20–25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, சுமார் 1500 டிகிரியில் சுடுவார்கள். சூளையில் பானை சுருங்குகிற மாதிரி சுருங்கிச் சரியான அளவுக்கு வரும். கடியைச் சரிசெய்ய டாக்டர் அதை உரசினால், மறுபடி நன்றாக பாலிஷ் செய்தே ஆகணும். சொரசொரப்பாக விட்டால் எதிர்ப் பல்லைத் தேய்த்துவிடும்.

லித்தியம் டைசிலிகேட்: இ-மேக்ஸ் என்பது இதில் பிரபலமான பிராண்ட். உறுதியில் ஜிர்கோனியாவுக்கு அடுத்தபடிதான். ஆனால் ஒளியை இயற்கைப் பல் போல உள்ளே விடும். முன்பல்லுக்கும் வெனீருக்கும் பொருத்தம். ஒரு சிக்கல் உண்டு. ரூட் கெனால் செய்து கறுத்த பல் என்றால் அந்தக் கறுப்பு உள்ளிருந்து தெரியலாம்.

உலோகத்தின் மேல் பீங்கான்: பல வருஷமாகப் பழகிய முறை. ரெண்டு அடுக்குக்கும் இடம் வேண்டும் என்பதால் அதிகம் செதுக்க வேண்டும். பீங்கான் சில்லு பெயரலாம், ஈறு ஓரத்தில் சாம்பல் கோடு தெரியலாம்.

தங்கக் கலவை: பாட்டி காலத்துத் தங்கப்பல் என்று சிரிக்க வேண்டாம். மெல்லியதாகவே தாங்கும், எதிர்ப் பல்லையும் உறுத்தாது. பார்வைக்குத் தெரியாத கடைசிப் பல்லுக்கு இன்றைக்கும் நல்ல தேர்வு.

ஒட்டுவதற்கு முன்னால்

பொருள் நல்லதாக இருந்தும் கழன்று விழுவதற்கு, ஒட்டும் முன் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்யாததும் ஒரு காரணம். லித்தியம் டைசிலிகேட்டில் கண்ணாடிப் பகுதி உண்டு. உள்பக்கத்தை ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தால் அரித்து, சிலேன் தடவினால் பசை பிடித்துக்கொள்ளும். ஜிர்கோனியாவில் கண்ணாடி இல்லை, அமிலம் வேலை செய்யாது. பசையால் பிணைக்க வேண்டுமானால் நுண்ணிய அலுமினாத் தூளைப் பீய்ச்சி, எம்டிபி என்ற வேதிப்பொருள் உள்ள பிரைமர் தடவ வேண்டும். வாயில் வைத்துப் பார்க்கும்போது எச்சில் பட்டால் மறுபடி சுத்தம் செய்யணும். வெனீர், எனாமல் மேல் ஒட்டினால் நீண்ட நாள் நிற்கும். ஆழமாகச் செதுக்கி டென்டின் வரை போய்விட்டால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும்.

நிறத்தையும் முதலிலேயே, பல் ஈரமாக இருக்கும்போதே பார்க்க வேண்டும். வாயைத் திறந்து வைத்துப் பல் காய்ந்துவிட்டால் உள்ளதைவிட வெளுப்பாகத் தெரியும்.

ஹவுன்ஸ்லோவா, சென்னையா?

சென்னையில் திறமையான டாக்டர்கள் நிறையவே இருக்கிறார்கள். யோசிக்க வேண்டியது நாட்கணக்கை. செதுக்கி, தற்காலிகத் தொப்பி போட்டு, லேபிலிருந்து வந்ததைப் பொருத்தி, கடி பழகி, கூச்சம் அடங்கும் முன் நாம் ஹீத்ரோவில் இறங்கியிருப்போம். பிறகு ஏதாவது ஆனால் யாரிடம் போவது?

இங்கே இங்கிலாந்தில் என்ஹெச்எஸ் மூலம் மருத்துவத் தேவைக்காகப் போடும் கிரவுன் மூன்றாம் பேண்டில் வரும். 2025 ஏப்ரலில் அமலுக்கு வந்த கட்டணம் 326.70 பவுண்டு. ஒரே சிகிச்சைத் தொடரில் ரூட் கெனாலும் சேர்ந்து வந்தாலும் கட்டணம் ஒன்றுதான். 18 வயசுக்குக் கீழே இருப்பவர்களுக்கு என்ஹெச்எஸ் பல் சிகிச்சை இலவசம். அழகுக்காக மட்டும் போடும் வெனீர் இதில் வராது.

என் பல்லுக்கு ஜிர்கோனியா போட்டாயிற்று. அக்கா மகளிடம் பொறுமையாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவளை உறுத்துவது ஒரே ஒரு பல்லின் சின்ன வடிவமும் லேசான மஞ்சளும்தான். பதினேழு வயசில் பல்லுக்குள் நரம்பு இருக்கும் இடம் பெரிது, அதிகம் செதுக்குவது ஆபத்து. வெனீரும் ஆயுளுக்கு நிற்காது, வாழ்நாளில் சில முறை மாற்ற வேண்டியிருக்கும். வீடியோ காலில் பேசிய சென்னை டாக்டரும் எட்டு வேண்டாம் என்றுதான் சொன்னார். அந்த ஒரு பல்லுக்குக் காம்போசிட் வைக்கலாம், அதற்கு அநேகமாகச் செதுக்கவே வேண்டாம். வெளுப்பாக்குவதை 18-க்குப் பிறகு பார்க்கலாம். அவளுக்கு முழுத் திருப்தி இல்லை. ஆனால் எட்டுப் பல்லும் முழுசாக இருக்கின்றன.

டாக்டரிடம் கேளுங்கள்

- இது வெனீரா, கிரவுனா? ஒவ்வொரு பக்கத்திலும் எத்தனை மில்லிமீட்டர் எடுப்பீர்கள்?
- குறைவாகச் செதுக்குகிற வேறு வழி இருக்கிறதா?
- என்ன பொருள், எந்த லேபில் செய்கிறார்கள்? பிரிட்டனில் அதற்கான தயாரிப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கலாம்.
- உடைந்தாலோ கழன்றாலோ யார் சரிசெய்வார்கள், எத்தனை நாள் வரை?
- எதுவுமே செய்யாமல் விட்டால் இந்தப் பல்லுக்கு என்ன ஆகும்?

கடைசிக் கேள்விக்கு "ஒன்றும் ஆகாது" என்று பதில் வந்தால், முன்பணம் கட்டும் முன் இன்னொரு டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.