தில்லி வீட்டில் ஒரு பறவைக்கூடு பெரணி

சங்க மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள் என்னிடம் எதிர்பார்த்தது கல்வெட்டோ இலக்கணமோ. நான் எழுதப்போவது ஒரு தொட்டிச் செடியைப் பற்றி. அதனிடம் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன், அதுதான் காரணம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மாடிவீட்டு அம்மையார் மகன் வீட்டில் இரண்டு மாதம் தங்கப் போனபோது, தம் பறவைக்கூடு பெரணியை என்னிடம் ஒப்படைத்தார். ஒரு வாரம் கழித்து இலையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் பழுப்பாகக் கோடு கோடாக இருக்கிறது! பூச்சி பிடித்துவிட்டது என்று பயந்துவிட்டேன். மருந்தடித்துக் கொல்ல எனக்கு மனம் வராது. பாத்திரக் கடைக்காரன் புத்தி வேறு எங்கே போகும்? ஈரத்துணியால் தேய்த்தேன்; போகாததைக் கத்தி முனையால் சுரண்டினேன். இரண்டு இலைகள் கிழிந்தன.

பிறகு புத்தகத்தைப் புரட்டியபோதுதான் புரிந்தது. பெரணிக்குப் பூவும் இல்லை, காயும் இல்லை. இலையின் அடியில் விளையும் ஸ்போர் என்னும் நுண்ணிய தூள்தான் அதன் வம்சம். நான் சுரண்டியது அதைத்தான். கோடுகள் நடுநரம்பிலிருந்து ஒரே சீராகச் சாய்ந்து ஓடினால் அவை ஸ்போர் வரிசைகள். தாறுமாறாக, மேடு மேடாக, பிசுபிசுப்போடு இருந்தால்தான் செதில் பூச்சி என்று சந்தேகிக்க வேண்டும்.

இந்தத் தூளின் மகிமைக்கு ஒரு சரித்திரம் உண்டு. லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு ஆசையாக வளர்த்த பெரணிகள் நகரப் புகையில் பட்டுப்போயின. 1829-இல் அவர் அந்துப்பூச்சிக் கூட்டுப்புழு ஒன்றை ஈரமண்ணோடு கண்ணாடிப் புட்டியில் மூடி வைத்தார். அந்த மண்ணில் தானாகவே ஒரு பெரணி முளைத்தது. மண்ணில் கிடந்த ஸ்போருக்கு வேண்டியிருந்தது புகையில்லாத ஈரக் காற்று மட்டுமே. புகைக்கும் வறட்சிக்கும் நடுவே வாழும் தில்லிக்காரர்களான நமக்கு இது நல்ல பாடம்.

சரி, வளர்ப்பு முறைக்கு வருவோம். இந்தப் பெரணி வெப்பமண்டலக் காடுகளில் மரக்கிளைமேல் ஒட்டி வாழ்வது. ஆனால் மரத்தை உறிஞ்சுவதில்லை. தன் இலைக்கூட்டில் விழும் சருகுகள் மக்கியதை உண்டே வாழ்கிறது. ஆகவே கெட்டிக் களிமண் ஆகாது. தேங்காய் நார்த்தூள், இலைமக்கு, மரப்பட்டைத் துண்டு கலந்த பொலபொலப்பான கலவையும், அடியில் ஓட்டையுள்ள தொட்டியும் வேண்டும்.

மரநிழலில் பிறந்ததற்கு நேர் வெயில் ஆகாது, இலை கருகும். வடக்கு ஜன்னலோரம் உத்தமம். மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கும்போது ஓரமாகத் தண்ணி விடுங்கள். நடுக்குழியில் ஊற்றித் தேக்காதீர்கள், குருத்து அழுகிவிடும். மழைநீர் கிடைத்தால் நல்லது. சிலர் ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு விடுகிறார்கள். அதில் உப்பு கூடுதல், பெரணிக்கு வேண்டாம்.

மே, ஜூனில் லூ அடிக்கும்போது ஜன்னலைச் சாத்தி, செடியை உள்ளே நகர்த்துங்கள். கூலர் உள்ள அறையின் ஈரம் அதற்குப் பிடிக்கும். ஆனால் கூலர் காற்று நேராக இலைமேல் அடிக்கக் கூடாது. நாலு செடிகளைச் சேர்த்து வைத்தால் ஒன்றின் ஈரம் மற்றதற்கு உதவும். டிசம்பர், ஜனவரியில் 10 டிகிரிக்குக் கீழே போகும் இரவுகளில் பால்கனியில் விடாதீர்கள்; தண்ணீரையும் குறையுங்கள். உரம் மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை, பாதி அளவாகக் கரைத்து ஊற்றினால் போதும்.

தொல்காப்பியர் மரபியலில் தாவரத்தை ஓரறிவு உயிர் என வகுத்தார். எங்கள் சமண நூல்களும் அப்படித்தான். அந்த ஓரறிவு தொடு உணர்வு. பெரணியின் இளங்குருத்தைத் தடவிப் பார்க்காதீர்கள். கைபட்டால் வடுப்பட்டு வளரும்.

அம்மையார் திரும்பியதும் உண்மையைச் சொல்லிவிட்டேன். கிழிந்த இலைகளைப் பார்த்துச் சற்று மௌனமாக இருந்தார். "ஜெயின் சாப், நீங்கள் மருந்தடிக்கவில்லையே, அதுவரைக்கும் நல்லது" என்றவர், நடுவில் சுருண்டு எழுந்துகொண்டிருந்த புது இலையைக் காட்டினார். கிழிந்த பெரணி இலை ஒட்டாது. ஆனாலும் பச்சை இருக்கும்வரை அது செடிக்கு உணவு ஆக்கும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் அதை வெட்ட வேண்டும். அவர் வெட்டவில்லை. நான் மாடிக்குப் போகும்போதெல்லாம் அந்த இலைகளைத்தான் முதலில் பார்ப்பேன்.