பனிக்காலத்துக்குக் காயும் காஷ்மீர்க் காய்கள்

ஆண்டுதோறும் டிசம்பர் 21 அன்று காஷ்மீர்ப் பள்ளத்தாக்கில் ‘சில்லாய் கலான்’ எனப்படும் நாற்பது நாள் கடுங்குளிர் தொடங்கும்போது கொல்லைத் தோட்டங்கள் உறைந்துவிடும். பனிப்பொழிவு மிகுந்தால் ஜம்முவிலிருந்து வரும் நெடுஞ்சாலையும் அடைபட்டுப் போகும். இதனை எதிர்நோக்கியே, கோடையில் வீட்டுக் கொல்லைகளிலும் தால் ஏரியின் மிதக்கும் தோட்டங்களிலும் தேவைக்கு மிஞ்சிக் காய்ப்பவற்றை நறுக்கி வெயிலில் உலர்த்தி வைக்கும் வழக்கம் அங்கே தலைமுறைகளாக நிலைத்திருக்கிறது. பொதுவில் ‘ஹோக் ஸ்யூன்’ எனப்படும் இவ்வகை உணவில் சுரைக்காய் வற்றலை ‘அல் ஹச்சி’ என்றும், கத்தரி வற்றலை ‘வாங்கன் ஹச்சி’ என்றும், தக்காளி வற்றலை ‘ருவாங்கன் ஹச்சி’ என்றும் அழைப்பர்.

காய்களை நறுக்கும் முறையிலேயே இயற்பியல் தொடங்கிவிடுகிறது. கத்தரிக்காயின் காம்பைக் களையாமல், அதன் அடியிலிருந்து காம்புவரை நான்காகக் கீறிவிட்டால், கீற்றுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிக் கொடிக்கயிற்றின் இருபுறமும் தொங்கும்; எல்லாப் பக்கமும் காற்றுப் படும். சுரைக்காயோ தோல் சீவப்பட்டு மெல்லிய நீள் பட்டைகளாக அரியப்படுகிறது. காயின் உள்ளிருக்கும் நீர் மேற்பரப்புக்கு ஊறி வந்த பின்னரே ஆவியாக முடியும் என்பதாலும், அவ்வாறு ஊறிவர ஆகும் நேரம் ஏறத்தாழத் தடிமனின் இருமடிக்கு ஏற்ப மாறும் என்பதாலும், துண்டின் தடிமனைப் பாதியாக்கினால் காயும் நேரம் பெரும்பாலும் கால்பங்காகக் குறைகிறது. எடையில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராகவே உள்ள சுரைக்காய், முழுதாக வெயிலில் கிடந்தால் காய்வதற்கு முன்பே அழுகிப்போவதன் காரணம் இதுவே.

ஓர் உணவு கெடுவதும் கெடாதிருப்பதும் அதிலுள்ள நீரின் அளவை மட்டும் பொறுத்ததன்று. தேனில் ஏறக்குறைய 17 விழுக்காடு நீர் இருந்தும் அது கெடுவதில்லை. நிலக்கடலையில் 10 விழுக்காடு நீர் தங்கினாலே பூசணம் பற்றிவிடும். தேனிலுள்ள நீரைச் சர்க்கரை மூலக்கூறுகள் பிடித்து வைத்திருப்பதால் நுண்ணுயிர்களுக்கு அது எட்டுவதில்லை. இவ்வாறு நுண்ணுயிர்க்கு எட்டக்கூடிய நீரின் அளவுகோலை ‘நீர்ச் செயல்பாடு’ என்பர். உணவிலுள்ள நீரின் ஆவியழுத்தத்தை அதே வெப்பநிலையிலுள்ள தூய நீரின் ஆவியழுத்தத்தால் வகுத்துப் பெறும் எண் அது. தூய நீருக்கு அதன் மதிப்பு 1. ஆஸ்திரேலிய நுண்ணுயிரியலாளர் வில்லியம் ஜேம்ஸ் ஸ்காட் 1950களில் இக்கருத்தை உணவறிவியலில் நிலைநாட்டினார். மதிப்பு 0.91க்குக் கீழே இறங்கினால் உணவைக் கெடுக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை பெருக இயலாது; ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் போன்ற சில 0.86வரை தாக்குப்பிடிக்கும்; 0.6க்குக் கீழே வறட்சி தாங்கும் பூசணங்களும் வளரா. நன்றாகக் காய்ந்து, ஒடித்தால் ‘சடக்’கென்று முறியும் வற்றல் இந்த எல்லையைக் கடந்ததாகவே பொதுவாக இருக்கும். ஆயினும் உலர்த்துதல் நுண்ணுயிர்களை முற்றாகக் கொல்வதில்லை, அவற்றின் பெருக்கத்தை நிறுத்தி மட்டுமே வைக்கிறது. வற்றலில் மீண்டும் ஈரம் ஏறினால் அவை விழித்துக்கொள்ளும்.

வெப்பம் கூடினால் விரைவில் காயும் என்பதும் ஓரளவுக்கே உண்மை. தொடக்கத்திலேயே கடுஞ்சூடு பட்டால் மேற்புறம் இறுகி ஓடுபோலாகி, உள்ளீரம் வெளியேற வழியின்றி அடைபடும். வெப்பத்தைவிட வறண்ட காற்றோட்டம் முதன்மையானது என்பதால்தான் காய்கள் தரையில் பரப்பப்படாமல் கயிறுகளிலும் சன்னல்களிலும் தொங்கவிடப்படுகின்றன. கத்தரிக்காயை அரிந்தவுடன் கறுக்கச் செய்வது பாலிஃபீனால் ஆக்சிடேஸ் என்னும் நொதி. கொதிநீரில் ஓரிரு நிமிடம் முக்கியெடுத்தால் அது செயலிழந்து நிறம் காக்கப்படும், ஆனால் வைட்டமின் சியில் ஒரு பங்கு நீரோடு போய்விடும். எஞ்சியதிலும் பெரும்பகுதியை வெயில் அழிக்கும். நார்ச்சத்தும் தாது உப்புகளும் நிலைத்திருக்கும்.

இதே வேலையைத் தமிழ்நாட்டு மாடிகளில் காயும் மோர்மிளகாயும் சுண்டை வற்றலும் வேறு வகையில் செய்கின்றன. காய் காயும் வரையிலான சில நாட்களில் அழுகல் தொற்றாதபடி, மோரின் புளிப்பும் உப்பும் காவல் நிற்கின்றன. கரையோரத்தின் ஈரக்காற்றுக்கு இந்தக் கூடுதல் தடை பொருத்தமானதே.

வெந்நீரில் ஊறவைத்து, கழுவி, இறைச்சியோடோ பருப்போடோ வேகவைக்கும்போது வற்றல் மீண்டும் பசுங்காயாகிவிடுவதில்லை. உலரும்போது செல்களின் சுவர்கள் சுருங்கிக் குலைந்துவிடுவதால், இழந்த நீர் முழுவதும் திரும்ப ஏறாது. மெல்லும்போது சவ்வுத்தன்மை எஞ்சும். தக்காளியிலோ புளிப்பும், சுவையூட்டும் குளுட்டமேட்டும் செறிந்துவிடுகின்றன. வற்றலைப் பசுங்காயின் தாழ்ந்த பதிலியாகக் கருதுவது ஆகவே பொருந்தாது. அது வேறு ஓர் உணவு. ஜம்மு நெடுஞ்சாலையில் பனிஹாலுக்கும் காசிகுண்டுக்கும் இடையே 2021இல் புதிய சுரங்கப்பாதை திறக்கப்பட்டு, குளிர்காலத்திலும் சமவெளிக் காய்கள் வந்துசேர்வது எளிதான பின்னரும், ஸ்ரீநகர்க் கடைத்தெருக்களில் ஹச்சிச் சரங்கள் விற்பனையாவதை இவ்வகையில்தான் புரிந்துகொள்ள முடியும்.

பழமையானது என்பதாலேயே இம்முறை குறையற்றதாகிவிடாது. திறந்தவெளியில் தூசியும் ஈயும் படியும். ஒரே ஒரு மழைநாள் குறுக்கிட்டாலும் பூசணம் பிடிக்கலாம். ஆஸ்பெர்ஜில்லஸ் வகைப் பூசணங்கள் சில உண்டாக்கும் அஃப்ளடாக்சின் ஈரலைப் பாதிக்கும் நச்சு. வழக்கமான சமையல் சூட்டில் அது முற்றாக அழியாது. எனவே மெல்லிய துணியால் மூடியோ சூரிய உலர்த்திப் பெட்டியிலோ காயவைத்து, சூடு ஆறிய பின்னரே காற்றுப் புகாத கலத்தில் அடைக்க வேண்டும். பூசணம் கண்ட வற்றலைத் துடைத்துப் பயன்படுத்தாமல் அந்தக் கலத்தில் உள்ளதை முழுவதுமாக எறிந்துவிடுவதே பாதுகாப்பு.