பழைய கார் ஏன் கொதிக்கிறது?

பால்வெட்டு முடிந்து, குடும்பத்தோடு பட்டணத்துக்குப் புறப்பட்ட கார், தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டுமுன்பே கொதித்து நின்றுவிட்டால் எவ்வளவு சங்கடம்! முன்மூடியின் இடுக்குகளில் வெண்ணிற ஆவி எழும்புகிறது. பிள்ளைகள் இறங்கி மரநிழலில் நிற்கின்றனர். ஒருவர் ஓடை நீரை வாளியில் மொண்டு ஓடி வருகிறார். இக்காட்சியை நாம் பன்முறை கண்டிருக்கிறோம். 1985ஆம் ஆண்டில் அறிமுகமான முதல் புரோட்டோன் சாகா, அதற்கும் மூத்த டட்சன் 120ஒய் ஆகிய கார்களைப் பேணி வருவோர் நம்மிடையே இன்றும் உளர். அவர்கள் பொருட்டே இக்கட்டுரை.

காய்ச்சல் பல நோய்களுக்குப் பொது அடையாளமாக இருப்பதுபோல, கொதிப்பும் பல பழுதுகளுக்குப் பொது அடையாளமாகும். நமது கார் ஒருமுறை கொதித்தபோது, பட்டறையில் முதலில் ரேடியேட்டரை மாற்றினர், கொதிப்பு நிற்கவில்லை. பின்னர் நீர்ப் பம்பை மாற்றினர், அப்போதும் நிற்கவில்லை. விசிறிக்கு மின்சாரம் செல்லும் கம்பியின் முனை துருவேறியிருந்ததே காரணம் என்பது கடைசியில்தான் தெரிந்தது. சில காசில் தீர வேண்டிய காரியத்துக்குச் சில நூறு வெள்ளி செலவாயிற்று. பட்டறைக்காரர் மீது குறை சொல்வதற்கில்லை. எந்த வேளையில் கொதிக்கிறது என்று அவர் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

பெட்ரோல் எரிந்து உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே காரை ஓட்டப் பயன்படுகிறது. எஞ்சியதில் பெரும் பகுதி புகைக்குழாய் வழியே வெளியேற, மற்றொரு பெரும் பகுதியை எஞ்சினைச் சுற்றி ஓடும் நீர் ஏந்திச் செல்கிறது. பம்பு அந்நீரைத் தள்ளுகிறது; தெர்மோஸ்டாட் என்னும் வெப்ப அடைப்பான் சுமார் 82 டிகிரி செல்சியசில் திறந்து வழிவிடுகிறது; ரேடியேட்டரில் காற்றுப்பட்டு நீர் ஆறித் திரும்புகிறது. ஆக, நீரின் அளவு, நீரின் ஓட்டம், காற்றின் ஓட்டம் ஆகிய மூன்றில் ஒன்று குறைந்தாலும் வெப்பம் ஏறும். எது குறைந்தது என்பதைக் கொதிக்கும் வேளையே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது முள் ஏறி, சாலை விட்டதும் இறங்குகிறதா? அப்படியாயின் விசிறியைச் சந்தேகியுங்கள். கார் ஓடும்போது எதிர்க்காற்றே போதும். நின்றால் விசிறிதான் துணை. டட்சனில் விசிறியைச் சுழற்றுவது பெல்ட். அதன் நடுவில் பெருவிரலால் அழுத்தினால் அரை அங்குல அளவே தாழ வேண்டும். சாகாவில் இருப்பதோ மின்விசிறி. எஞ்சினை ஓடவிட்டு, முள் நடுவைத் தாண்டியும் விசிறி சுழலாவிடில், எஞ்சின் ஆறியபின் ரேடியேட்டரிலுள்ள வெப்ப விசையின் இரு கம்பிகளையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்துச் சாவியைத் திருப்பிப் பாருங்கள். விசிறி சுழன்றால் பழுது விசையில். சுழலாவிடில் ஃபியூஸ், கம்பி முனை, மோட்டார் என வரிசையாகத் தேட வேண்டும். விசிறி திடீரெனச் சுழலக்கூடும். விரல்கள் அருகில் இருக்கலாகாது.

இதற்கு மாறாக, சமவெளியில் ஒழுங்காக ஓடும் கார் நெடுஞ்சாலை வேகத்திலோ, தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும்போதோ கொதிக்குமானால், நீரோட்டம் போதவில்லை எனக் கொள்ளலாம். ரேடியேட்டரின் உட்குழாய்கள் துருவாலும் உப்புப் படிவாலும் அடைபட்டிருக்கும். எஞ்சினைச் சூடாக்கி நிறுத்தியபின், ரேடியேட்டரின் முகப்பைக் கையால் எச்சரிக்கையுடன் தடவிப் பார்த்தால் அடைபட்ட இடம் மட்டும் குளிர்ந்திருக்கும். கீழ்க்குழாய் நைந்துபோயிருந்தால், பம்பு இழுக்கும் வேகத்தில் அது உறிஞ்சப்பட்டு ஒட்டிக்கொள்வதும் உண்டு. தீப்பொறி விழும் நேரம் பிந்தியிருந்தாலும் எஞ்சின் சூடாகும் என்பதை நம் பட்டறைகளில் பலர் மறந்துவிடுகின்றனர்.

காலையில் கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் எல்லையைத் தொடுகிறது; மேற்குழாயோ குளிர்ந்தே இருக்கிறது. இது தெர்மோஸ்டாட் மூடியபடி சிக்கிக்கொண்டதன் அடையாளம். கழற்றி, சட்டியில் நீரோடு அடுப்பிலேற்றுங்கள். கொதிநிலையிலும் திறக்காவிடில் புதியது வாங்குங்கள். 'வெப்ப நாட்டில் இது எதற்கு?' என்று அதை எறிந்துவிட்டு ஓட்டுவோர் நம் நாட்டில் ஏராளம். அவ்வாறு செய்தால் எஞ்சின் உரிய சூட்டை எட்டாமல் பெட்ரோலை வீணே குடிக்கும். உறுப்புகளும் விரைவில் தேயும்.

வெளியே ஒரு சொட்டும் ஒழுகாமல் நீர் மட்டும் நாள்தோறும் குறைந்தால் கவலைக்குரியது. ரேடியேட்டர் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் நல்லது. சில வெள்ளியில் தீரும். எஞ்சின் எண்ணெய் பால்கலந்த தேநீர் நிறமாதல், புகைக்குழாயில் விடாத வெண்புகை, ரேடியேட்டர் நீரில் ஓயாத குமிழிகள் ஆகியவை தென்பட்டால் தலைக் கேஸ்கட் போய்விட்டது. மேற்கூறிய இரு கார்களிலும் எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தாலானது, அடிப்பகுதி வார்ப்பிரும்பு. மிகுந்த சூட்டில் அலுமினியம் வளைந்துவிடும். உறைபனி இல்லாத நாட்டில் வெறும் குழாய்நீர் போதாதா என்பார்க்கு விடையும் இதுவே: துருத்தடுப்பு மருந்து கலந்த கூலண்ட் இல்லையேல் அலுமினியம் அரிக்கப்படும்.

வழியில் முள் ஏறினால் குளிர்சாதனத்தை நிறுத்தி, ஓரங்கட்டி, எஞ்சினை அணையுங்கள். மூடியைத் தொடவே வேண்டாம். மூடிய அமைப்பில் அழுத்தம் இருப்பதால் நீர் 100 டிகிரியைக் கடந்தும் கொதியாமல் நிற்கிறது. மூடி திறந்த நொடியில் அழுத்தம் விலகி, அந்நீர் முகத்திலும் மார்பிலும் பீறிட்டடிக்கும். அரைமணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்து, மேற்குழாய் கைதாங்கும் அளவுக்கு ஆறியபின், கனத்த துணியை மூடிமேல் போட்டு மெல்லத் திருப்புங்கள். ஓடை நீரானாலும் சிறிது சிறிதாகவே ஊற்ற வேண்டும். சுட்ட இரும்பில் குளிர்ந்த நீர் திடீரெனப் பட்டால் வெடிப்பு விழும்.

ஏறிய முள் தானாகவே சட்டென்று கீழே விழுந்தால் மகிழ வேண்டாம். நீர் முழுதும் வற்றி, அளவுமானியின் உணர்முனை வெறும் ஆவியில் நிற்கிறது என்று பொருளாகலாம். அக்கணமே எஞ்சினை நிறுத்துங்கள்.