குருதி உறையாக் குறையும் மகப்பேறும்

காயம் பட்டவிடத்துக் குருதி சிறிது பெருகிப் பின் தானே உறைந்து நிற்றல் இயல்பு. இவ்வியல்பு பிறவியிலேயே குன்றி, வழிவழியாகத் தொடரும் நோய்கள் சில உள. ஹீமோபிலியா என்பது பெரிதும் ஆண்மக்களையே வருத்துதலின், இத்தகைய நோய்க்கும் பெண்டிர்க்கும் இயைபில்லையெனப் பலர் கருதுவர். அக்கருத்துப் பிழையென்பதற்கு யாம் ஈண்டு ஒரு குடும்பத்தைக் காட்டுவோம்.

பால்டிக் கடலிலுள்ள ஓலந்துத் தீவுகளிலிருந்து ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி 1924-ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு வைத்தியர் எரிக் வான் வில்லிபிராண்டு என்பாரிடம் கொணரப்பட்டாள். அவர் அவள் சுற்றத்தாருள் 66 பேரைப் பற்றி உசாவி, 23 பேர்க்கு இக்குறை உண்டெனவும், பெண்டிரும் இதற்கு ஆளாவரெனவும் கண்டு, 1926-இல் எழுதி வெளியிட்டார். அச்சிறுமியோ பூப்பெய்திய சின்னாளில், நான்காம் மாதவிலக்கின்போது குருதி நில்லாது உயிர் நீத்தாள்.

இன்று அந்நோய் அவ்வைத்தியர் பெயராலேயே வழங்கும். குருதியிலுள்ள தட்டணுக்களைப் புண்வாயில் ஒட்டச்செய்யும் புரதம் ஒன்று அளவிற் குறைதலோ, செயலிற் குன்றுதலோ இதன் காரணம். மாதந்தோறும் மிகுதியாகக் குருதி போக்கும் பெண்ணைப் பார்த்து, "எங்கள் வீட்டுப் பெண்களுக்கெல்லாம் இப்படித்தான்" என்று மூத்தோர் ஆறுதல் கூறுவதுண்டு. அச்சொல்லே வைத்தியர் செவிக்கு எட்டவேண்டிய முதற் குறிப்பாகும்!

கருவுற்ற காலத்து ஒரு வியப்பு நிகழும். நோய் எளிய வகையினதாயின், குறைந்திருந்த அப்புரதம் தானே பெருகி, ஒன்பதாம் மாதத்தில் நலமுடையார்க்கு ஒப்பாகவும் நிற்கும். ஆதலின் கருவுறுமுன் சோதித்தலே தக்கது. பேறு நெருங்குகையில் மீண்டும் அளந்தறிதல் வேண்டும். கொடிய வகையினர்க்கோ இவ்வேற்றம் இல்லை. அவர்கட்குப் பேற்றின்போது அப்புரதத்தையே நரம்பின்வழிச் செலுத்துவர். அளவு குறைந்திருப்பின் முதுகுத்தண்டில் ஊசியிட்டு மயக்குதலையும் தவிர்ப்பர்.

பிள்ளை பிறந்ததும், ஏறிய புரதம் விரைந்து இறங்கி, சில வாரங்களில் பழைய நிலையை அடைகின்றது. தாய் ஆஸ்பத்திரி விட்டு வீடு சேர்ந்து, உற்றார் கவலை ஒழிந்திருக்கும் காலமே அது. குருதிப்பெருக்கு அப்பொழுது தோன்றுதலுமுண்டு. பிள்ளை பெற்றாளுக்கு இது வழக்கமெனக் கொண்டு நாட்கடத்தினால் உயிர்க்கே கேடாம். இதனைத் தடுக்க டிரானெக்சாமிக் அமிலம் என்னும் மருந்தைப் பேற்றின் பின்னரும் சின்னாள் அளிப்பதுண்டு.

குழந்தைக்கும் இக்குறை வருதல் கூடும். பல குடும்பங்களில் ஆணாயினும் பெண்ணாயினும் பாதிக்குப் பாதி என்பர். அதனால் அதன் தலையைக் கருவியாற் பற்றி இழுத்தலைத் தவிர்ப்பர். சோதனை முடியுமட்டும் தசையில் ஊசியிடுதலையும் நிறுத்திவைப்பர்.