பாஸ்புக்கைப் படியுங்கள், பணத்தைக் கேளுங்கள்

பாம்பூஃப்ளாட் ஜெட்டி. காலை நேரம். சாத்தம் போகும் போட் இன்னும் வரவில்லை. மீன் விற்கும் அக்கா ஒருவர் கூடையை இறக்கி வைத்தார். பையிலிருந்து பாஸ்புக்கை எடுத்தார்.

முன்பெல்லாம் அக்கா பாஸ்புக்கை யாரிடமாவது நீட்டுவார். "எவ்வளவு இருக்குன்னு பாரு தம்பி" என்பார். இப்போது அவரே பார்க்கிறார். அதில் எழுத்து ஆங்கிலம்தான். ஆனால் எண் எல்லாருக்கும் ஒன்றுதானே?

அக்கா எண்களைப் படித்தார். திடுக்கிட்டார். முதலில் 900 ரூபாய் இருந்தது. இப்போது 369 ரூபாய்தான் இருக்கிறது. அவர் பணமே எடுக்கவில்லை. ஏ.டி.எம். கார்டும் அவரிடம் இல்லை. பணம் எங்கே போயிற்று?

மாலையில் படிப்பு மையத்துக்குப் போனார். டீச்சரிடம் காட்டினார்.

"அக்கா, மூணு தடவை 177 ரூபாய் பிடிச்சிருக்காங்க. மொத்தம் 531 ரூபாய். உங்க கணக்குல குறைஞ்சது 1000 ரூபாய் இருக்கணுமாம். இல்லைன்னு அபராதம் போட்டிருக்காங்க. அபராதம் 150 ரூபாய். அதுக்கு ஜி.எஸ்.டி. வரி 27 ரூபாய்."

"எனக்கு யாரும் சொல்லலையே டீச்சர். போனுக்கும் தகவல் வரலை. வீட்டுக்குக் கடுதாசியும் வரலை."

"அப்படின்னா கேட்கலாம் அக்கா. கேட்க உங்களுக்கு உரிமை இருக்கு."

இது ஓர் எடுத்துக்காட்டுக் கதை. ஆனால் நாட்டில் கோடிக்கணக்கான பேருக்கு நடந்த கதை. 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை எட்டே மாதம். பாரத ஸ்டேட் வங்கி மட்டும் இந்த அபராதமாக 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. மக்கள் கேள்வி கேட்டார்கள். நாடாளுமன்றத்திலும் கேள்வி எழுந்தது. 2020 மார்ச்சில் அந்த வங்கி சேமிப்புக் கணக்குகளுக்கு இந்த அபராதத்தை நீக்கியது. 2025இல் வேறு சில அரசு வங்கிகளும் நீக்கின. எல்லா வங்கிகளும் நீக்கவில்லை.

விதி என்ன சொல்கிறது?

வங்கிகளுக்கெல்லாம் மேலே இருப்பது ரிசர்வ் வங்கி. அதன் விதி 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இருப்புத் தொகை குறைந்தால் வங்கி முதலில் நமக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போட ஒரு மாதமாவது அவகாசம் தர வேண்டும். அதன் பிறகே அபராதம் போடலாம்.

அபராதம் குறைந்த தொகைக்கு ஏற்ற அளவில்தான் இருக்க வேண்டும். அக்கா கணக்கில் முதலில் குறைந்தது 100 ரூபாய். போட்ட அபராதமோ 150 ரூபாய். இது நியாயமா? நீங்களே சொல்லுங்கள்.

இந்த அபராதத்தால் மட்டும் கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகவும் கூடாது.

எல்லாப் பிடித்தமும் தவறு அல்ல. முன்பே சொல்லி, விதிப்படி பிடித்தால் அது சரி. ஆகவே முதலில் காரணம் கேளுங்கள். பிறகு புகார் எழுதுங்கள்.

வாயால் கேட்டால் போதுமா?

போதாது. எழுதிக் கேட்க வேண்டும். அக்கா தன் கையாலேயே எழுதினார்:

"மேனேஜர் ஐயா அவர்களுக்கு, வணக்கம். என் சேமிப்புக் கணக்கில் மூன்று முறை 177 ரூபாய் வீதம் 531 ரூபாய் பிடித்திருக்கிறீர்கள். எனக்கு முன் தகவல் வரவில்லை. ஒரு மாத அவகாசமும் தரவில்லை. அபராதம், குறைந்த தொகையை விட அதிகம். இது ரிசர்வ் வங்கி விதிக்கு ஒத்ததல்ல. பணத்தை என் கணக்கில் திரும்பச் சேர்க்க வேண்டுகிறேன். இப்படிக்கு..."

கணக்கு எண், தேதி, கையெழுத்து மூன்றும் கடிதத்தில் இருந்தன. தமிழில் எழுதியதை டீச்சர் ஆங்கிலத்திலும் எழுதிக் கொடுத்தார். அக்கா ஒரு நகல் எடுத்துக்கொண்டார். வங்கியில் கடிதத்தைக் கொடுத்தார்.

"சார், இந்த நகல்ல சீல் போட்டு, தேதி எழுதிக் கொடுங்க."

"சரிம்மா" என்றார் மேனேஜர். சீல் போட்டுக் கொடுத்தார்.

அந்த நகல்தான் அக்காவின் சாட்சி. அதை அவர் பாஸ்புக்கோடு பத்திரமாக வைத்தார்.

30 நாளில் பதில் வராவிட்டால்?

பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லை என்றாலும் இரண்டு வழிகள் உண்டு.

முதல் வழி, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர். ஆம்பட்ஸ்மன் என்றும் சொல்வார்கள். இவரிடம் புகார் செய்யக் கட்டணம் இல்லை. வக்கீல் தேவையில்லை. இணையம் வழியாகப் புகார் கொடுக்கலாம். தபாலிலும் அனுப்பலாம். 14448 என்ற எண்ணில் விவரம் கேட்கலாம். தாமதம் செய்யாதீர்கள்.

இரண்டாவது வழி, மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு கொடுத்துப் பொருள் வாங்குகிறவர் நுகர்வோர். வங்கியின் சேவையைப் பெறுகிற நாமும் நுகர்வோர்தான். 2019ஆம் ஆண்டுச் சட்டம் 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வங்கியின் தலைமை அலுவலகம் மும்பையில் இருக்கலாம், கொல்கத்தாவில் இருக்கலாம். நாம் கப்பல் ஏறிப் போக வேண்டாம். பாம்பூஃப்ளாட்காரர் போட் ஏறி அக்கரைக்குப் போனால் போதும். போர்ட் பிளேருக்கு, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊருக்கு.

இத்தகைய சிறு தொகைக்கு வழக்குக் கட்டணம் கிடையாது. நாமே பேசலாம். பணம் பிடித்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பிடித்த பணத்தோடு அலைச்சலுக்கு நஷ்ட ஈடும் கேட்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் யோசனை கேட்கலாம். பெண்களுக்கு இலவசச் சட்ட உதவியும் உண்டு.

ஒரே புகாரை ஒரே நேரத்தில் இரண்டு இடத்திலும் கொடுக்காதீர்கள். வழக்கு நடந்தால் குறைதீர்ப்பாளர் அதை எடுக்கமாட்டார்.

இனி நஷ்டம் வராமல் இருக்க

குறைந்தபட்ச இருப்பே தேவைப்படாத கணக்கு ஒன்று உண்டு. அடிப்படைச் சேமிப்புக் கணக்கு என்று பெயர். 2014இல் தொடங்கிய ஜன் தன் கணக்கும் இந்த வகைதான். உங்கள் கணக்கை அப்படி மாற்றச் சொல்லி வங்கியில் எழுதிக் கேளுங்கள்.

ஓர் எச்சரிக்கை. "பிடித்த பணத்தைத் திருப்பித் தருகிறோம், போனுக்கு வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள். அந்த எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். சொன்னால் மிச்சப் பணமும் போய்விடும்.

அக்கா கதை என்ன ஆயிற்று? 22ஆம் நாள் பாஸ்புக்கில் ஒரு புது வரி விழுந்தது. வரவு 531 ரூபாய். இருப்பு 900 ரூபாய்.

"அது ரெண்டு நாள் மீன் வித்த காசு டீச்சர்" என்றார் அக்கா.

உங்கள் பாஸ்புக்கில் கடைசியாக எப்போது வரவு செலவு பதிந்தீர்கள்? நாளைக்கே போய்ப் பதியுங்கள். ஒவ்வொரு வரியையும் படியுங்கள். புரியாத வரி இருந்தால், "இது என்ன?" என்று கேளுங்கள்.