உஷார்! கோர்ட் வாசலில் உங்களை முதலில் பிடிப்பவர் யார்?

"அக்கா, என்ன கேஸு? சம்மனா? குடுங்க, பாப்போம்."

தாலுகா ஊர் கோர்ட் வளாகத்துக்குள் புதிதாகக் கால் வைப்பவர்களுக்கு இந்தக் குரல் பழக்கமானதுதான். கேட்பவர் வக்கீல் இல்லை. வக்கீலின் குமாஸ்தாவாகக்கூட இல்லாமல் இருக்கலாம். வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, கக்கத்தில் ரெக்சின் பை. ஐந்தே நிமிடத்தில் உங்கள் குடும்பக் கதை முழுக்க அவருக்குத் தெரிந்துவிடும். அடுத்த ஐந்து நிமிடத்தில் டைப் அடிக்கும் கடை பெஞ்சில் உங்களை உட்காரவைத்து, அச்சடித்த தாள் ஒன்றை நீட்டுவார். "இங்க ஒரு கையெழுத்து, கீழ ஒண்ணு." மேலே பெயர், வழக்கு எண், வக்கீல் பெயர் எல்லாமே காலியாக இருக்கும். "அதெல்லாம் சார் எழுதிக்குவாருக்கா."

நிறுத்துங்கள். பேனாவை மூடுங்கள். அந்தத் தாள் வக்காலத்து. உங்களுக்காகப் பேசவும், மனுப் போடவும், சமரசம் செய்யவும், சில படிவங்களில் உங்களுக்கு வரவேண்டிய பணத்தை வாங்கவும்கூட அதில் அதிகாரம் இருக்கும். யாருக்கு அதைக் கொடுக்கிறீர்கள் என்றே தெரியாமல் கொடுக்கப் போகிறீர்கள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பெரும்பாலும் அதே வளாகத்துக்குள்ளேயே ஒரு அறையில் வட்ட சட்டப் பணிகள் குழு உட்கார்ந்திருக்கிறது. அங்கே ஆலோசனைக்கும் காசு இல்லை, வக்கீலுக்கும் காசு இல்லை. ஆரணி, மன்னார்குடி, சங்கரன்கோவில் என்று கோர்ட் உள்ள தாலுகா ஊர்களில் இந்தக் குழு உண்டு. தலைவர், அந்த எல்லைக்குள் இருக்கும் மூத்த நீதித்துறை அதிகாரி. இது யாரோ போடும் பிச்சையும் இல்லை. 1976-ல் 42-வது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் இலவச சட்ட உதவிக்கான 39ஏ பிரிவு வந்தது. 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டு, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. இத்தனை வருடமாகியும் அந்த அறைக்குப் போகிற வழியில் இந்த வெள்ளைச் சட்டைப் புரோக்கர்தான் முதலில் நிற்கிறார். அறைக்கு ஒரு போர்டு, அதுவும் பல இடங்களில் மாடிப்படிக்கு அடியில். புரோக்கருக்கோ வாய் இருக்கிறது, சைக்கிள் ஸ்டாண்டிலிருந்தே கூட வருகிற கால் இருக்கிறது.

"இலவச வக்கீலா? அதெல்லாம் சோத்துக்கு இல்லாதவங்களுக்கு. உங்களுக்குத்தான் சொந்த வீடு இருக்கே, குடுக்க மாட்டாங்க." அவர் அவிழ்த்துவிடும் முதல் பொய் இதுதான். பெண் என்றால் வருமான வரம்பே கிடையாது. வீடு இருந்தாலும், கணவர் அரசு வேலையில் இருந்தாலும், கழுத்தில் நகை இருந்தாலும் அந்த 1987 சட்டத்தின் 12-வது பிரிவின்படி அவருக்கு உரிமை உண்டு. குழந்தைகள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள், வெள்ளம் போன்ற பேரிடரிலும் சாதிக் கொடுமையிலும் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கும் அப்படித்தான். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. தமிழ்நாட்டில் அது ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். அதற்கும் வருமானச் சான்றிதழ் வாங்க விஏஓ ஆபீஸ், தாலுகா ஆபீஸ் என்று அலையத் தேவையில்லை. வருமானம் பற்றி நீங்கள் கொடுக்கும் உறுதிமொழிப் பத்திரமே போதுமானதாகக் கொள்ளப்படலாம் என்று 13-வது பிரிவு சொல்கிறது. "சர்ட்டிபிகேட்டு நான் வாங்கித் தர்றேன், ஆயிரம் ஆகும்" என்பவரைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

கோர்ட்டுக்கு வந்தவர்கள் பாடாவது பரவாயில்லை. வரவேண்டிய நேரத்தில் வராமல் வீட்டிலேயே இருந்துவிட்டவர்கள் பாடு அதைவிட மோசம்.

சின்ன ஊர்களில் கடன் எப்படிப் புழங்குகிறது என்று உங்களுக்கே தெரியும். வட்டிக்காரர் ஐம்பதாயிரம் கொடுப்பார். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிய வெற்றுப் புரோநோட்டு ஒன்று, தொகை எழுதாத செக் இரண்டு, சில சமயம் வெற்றுப் பத்திரம் ஒன்று, எல்லாவற்றிலும் கையெழுத்து வாங்கிக்கொள்வார். "சும்மா ஒரு இதுக்குத்தான்" என்பார். அசலையும் வட்டியையும் கட்டி முடித்த பிறகும் அந்தத் தாள்கள் அவர் பீரோவிலேயே கிடக்கும். கேட்டால், "எங்கயோ வச்சிட்டேன், தேடித் தர்றேன்." பிறகு ஒருநாள் ஐந்து லட்சத்துக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

வெற்றுச் செக்கைத்தானே கொடுத்தோம், தொகையை அவர்தானே எழுதினார், கோர்ட்டில் சொன்னால் தள்ளுபடி ஆகிவிடும் என்று நினைத்துவிட வேண்டாம். பீர் சிங் எதிர் முகேஷ் குமார் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையை ஒருவர் தானாகவே கொடுத்திருந்தால், மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில். காட்ட முடியாது என்று இல்லை. வங்கிக் கணக்கில் பணம் போன பதிவு, ஜிபே ரசீது, சாட்சி என்று எதையாவது வைத்துக் காட்டலாம். ஆனால் அதற்கு ஆரம்பத்திலேயே ஒரு வக்கீல் வேண்டும். கந்துவட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. அந்தக் கோணத்தைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

செக் நோட்டீஸ் கைக்கு வந்த நாளிலிருந்து உங்களுக்குக் கிடைப்பது 15 நாள். இந்த 15 நாளில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? ரிஜிஸ்டர் தபாலை டிவி ஸ்டாண்டுக்குள் செருகி வைக்கிறார்கள். இன்னும் சிலர் போஸ்ட்மேனிடம் "ஆள் இல்லைன்னு எழுதிடுங்க தம்பி" என்று திருப்பி அனுப்பி, தப்பித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். தப்பவில்லை. சரியான முகவரிக்கு வந்த தபாலை வாங்க மறுத்தாலும் அது உங்களுக்குக் கிடைத்ததாகவே கருதப்படும்.

புரோநோட்டு வழக்கின் சம்மனும் இதே கதைதான். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டுப் போவார்கள், வழக்கு நடக்கும். நீங்கள் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு. அதை ரத்து செய்யக் கேட்க 30 நாள்தான் கெடு. சம்மன் முறையாகச் சேரவே இல்லை என்றால்தான் அந்த 30 நாளைத் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம். டிகிரிக்கு ஆயுள் 12 வருடம். அமீனா வாசலில் வந்து நின்று, ஜப்தி என்று சொல்லும்போதுதான் பல வீடுகளில் டிவி ஸ்டாண்டைத் திறக்கிறார்கள். அன்றைக்கு இலவச வக்கீல் கிடைத்தாலும், ஆறு மாதம் முன்பு செய்திருக்க வேண்டியதை அவரால் எப்படிச் செய்ய முடியும்?

விபத்து வழக்கு இதைவிடக் கொடூரம். அடிபட்டவரை அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்து, இன்னும் எக்ஸ்ரேகூட வந்திருக்காது. கட்டில் பக்கத்தில் ஆள் நிற்பார். ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்திருப்பார். "கவலைப்படாதீங்கண்ணே, ஒரு பைசா செலவு இல்ல, நஷ்டஈடு வந்ததும் நம்மளுக்கு ஒரு பங்கு குடுத்தாப் போதும்." வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும், கிடைக்கும் தொகையில் பங்கு வாங்குவதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் வக்கீல்களுக்குத் தடை செய்திருக்கின்றன. வக்கீலுக்கே கூடாது என்னும்போது இடையில் நிற்கும் இவருக்கு என்ன உரிமை? இழப்பீடு பாதிக்கப்பட்டவரின் சொந்த வங்கிக் கணக்குக்கு வரவேண்டிய பணம். அதனால்தான் புரோக்கர் பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கையெழுத்துப் போட்ட செக் என்று கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளப் பார்ப்பார். எதையும் கொடுக்காதீர்கள். எஃப்ஐஆர் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். அந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் இருக்கின்றன என்றாலும், அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். மனுவை நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலேயே போடலாம், சட்ட உதவி வக்கீலை வைத்தே போடலாம்.

இந்தப் புரோக்கர்களைத் தண்டிக்கச் சட்டம் இல்லையா? இருக்கிறது. வக்கீல்கள் சட்டத்தில் 2023-ல் செய்த திருத்தத்தின்படி, நீதிமன்றங்கள் புரோக்கர்களின் பட்டியலையே வெளியிடலாம். பட்டியலில் பெயர் இருந்தும் புரோக்கர் வேலை பார்த்தால் 3 மாதம் வரை சிறை, அல்லது 500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஐந்நூறு ரூபாய்! ஒரு வக்காலத்துக் கையெழுத்தில் அவர் பார்ப்பது அதைவிட அதிகம். ஆகவே அந்தச் சட்டம் வந்து காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்க முடியாது.

ஏற்கெனவே வெற்று வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம், ஆனால் தள்ளியும் போடாதீர்கள். வக்கீலை மாற்ற உங்களுக்கு உரிமை உண்டு. "ஃபீஸ் பாக்கி இருக்கு, கட்டைத் தர மாட்டேன்" என்று கேஸ் கட்டைப் பிடித்து வைக்க முடியாது, ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-லேயே உச்ச நீதிமன்றம் அப்படிச் சொல்லிவிட்டது. பாக்கி இருந்தால் அவர் தனியாக வசூலிக்க வழி தேடட்டும். உங்கள் ஆவணங்கள் உங்களுக்கு வரவேண்டும்.

இனி, இலவச வக்கீலிடமும் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சின்ன ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். சட்ட உதவிப் பட்டியலில் இருக்கும் வக்கீலே உங்கள் வட்டிக்காரருக்கு வேறு வழக்கில் வாடிக்கை வக்கீலாக இருக்கலாம். உங்கள் மாமனார் வீட்டுக்குத் தூரத்து உறவாக இருக்கலாம். முதல் சந்திப்பிலேயே வெளிப்படையாகக் கேளுங்கள்: "சார், எதிர்த்தரப்பு உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" தயக்கம் இருந்தால் வேறு வக்கீல் கேட்டுக் குழுத் தலைவருக்கு எழுத்தில் கொடுங்கள். உள்ளூரிலேயே போக மனம் ஒப்பவில்லை என்றால் மாவட்டத் தலைநகரில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது, மாவட்ட முதன்மை நீதிபதி தலைமையில். அங்கே நேரடியாக மனு கொடுக்கலாம். குடும்ப வழக்குகளில், முக்கியமாகப் பெண்கள், இப்படிச் செய்வது நல்லது என்பது என் எண்ணம். தெருவில் யார் யாரைப் பார்க்கப் போனார்கள் என்பது மாலைக்குள் ஊருக்கே தெரிந்துவிடுகிற இடங்களில் வழக்கைவிட வாய்ப்பேச்சு முந்திக்கொள்கிறது.

இலவச வக்கீலுக்கு அரசு தரும் கட்டணம் குறைவு; அதனால் ஏனோதானோ என்று நடத்துபவர்களும் உண்டு, உயிரைக் கொடுத்து நடத்துபவர்களும் உண்டு. எப்படியானாலும் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது என்பது விதி. "பெட்ரோல் செலவுக்கு", "ஜெராக்ஸுக்கு" என்று கேட்டாலும் புகாருக்கு உரியதுதான். வாய்தாவுக்கு வாய்தா என்ன நடந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கையெழுத்துக்கும் உஷார். மக்கள் நீதிமன்றம் நல்ல ஏற்பாடு. சமரசம் ஆனால் கட்டிய கோர்ட் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்தானதற்கு அப்பீல் கிடையாது. அது கோர்ட் டிகிரிக்குச் சமம். மோசடி, கட்டாயம் போன்ற மிகச் சில காரணங்களுக்காக ஐகோர்ட்டில் ரிட் போடலாம், அவ்வளவே. தேசிய மக்கள் நீதிமன்ற நாளில் கூட்டம் நெரியும், வழக்குகள் அடுத்தடுத்து முடியும், "சீக்கிரம் போடுங்கம்மா, பின்னாடி ஆள் நிக்குது" என்பார்கள். நிற்கட்டும். தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தராவிட்டால் என்ன, இவற்றைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒத்துவரவில்லை என்றால் வேண்டாம் என்று சொல்லலாம். வழக்கு பழையபடி கோர்ட்டுக்கே திரும்பும், உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை.

வீட்டில் யாரையாவது போலீஸ் பிடித்துப் போய்விட்டால், ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் "நான் பேசி முடிக்கிறேன்" என்பவரிடம் பணத்தை எண்ணிக் கொடுக்காதீர்கள். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு இலவச வக்கீல் உரிமை உண்டு என்பதை மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1980-லேயே தீர்ப்பு இருக்கிறது. அவர் கேட்கும்போது "வக்கீல் இல்லை, இலவச வக்கீல் வேணும்" என்று வாய்திறந்து சொல்லச் சொல்லுங்கள்.

போனில் வரும் ஏமாற்றும் இருக்கிறது. "சட்ட உதவி மையத்திலிருந்து பேசறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்க, ஓடிபி சொல்லுங்க" என்றால் உடனே வையுங்கள். சட்ட உதவிக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.

நீங்கள் அழைக்க வேண்டிய சட்ட உதவி எண் 15100. நேரில் போகும்போது வந்த கவரையும் சேர்த்து எடுத்துப் போங்கள்; உங்கள் கெடுவைக் கணக்கிடத் தபால் முத்திரைத் தேதி உதவும். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னால் போதும், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும். மனுவின் நகல் ஒன்றில் தேதியோடு சீல் கேட்டு வாங்குங்கள். தர முடியாது என்று மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அந்தத் தாளோடு மாவட்ட ஆணைக்குழுவுக்குப் போங்கள். சம்மன் ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றால் இந்தப் பக்கத்தைக் கீழே வைத்துவிட்டு, அதில் போட்டிருக்கும் ஆஜர் தேதியை இப்போதே பாருங்கள்.